வாசல் நிலையில் இருந்த முத்திரைகள்

என் தம்பி ஒரு வேலையில இறங்கிட்டான்னா அவனப் புடிச்சு நிறுத்த ஆள் கிடையாது. அவன் ரேஞ்சரா இருக்கிற இந்தப் பழைய பாரஸ்ட் ஆபீஸ வச்சுக்கலாமா, இடிச்சிரலாமான்னு பாத்து எழுத ஒரு மேடம் வர்றாங்கன்னு தலைமை ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. அன்னையில இருந்து அவனுக்குச் சாப்பாடும் கிடையாது, தூக்கமும் கிடையாது.

முன்பக்கம் ஆபீஸ். பின்பக்கம் நாங்க குடியிருக்கிற ரெண்டு ரூம். அவன் பொண்டாட்டி போய்ச் சேந்ததுக்கப்புறம் நான்தான் வந்து அவனுக்குப் பொங்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன். இத இடிச்சா கீழ ரோட்டோரமா கான்கிரீட்ல புதுசு கட்டித் தருவாங்களாம். நல்லதுதானேடா, மழைக்கு ஒழுகாதேன்னு சொன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான். இங்க நின்னா காடு மொத்தமும் கண்ணுக்குத் தெரியுது, அங்க போனா லாரிதான் தெரியும்னான். ரிட்டயர் ஆகி அவன் போன பிறகும் இந்தக் கட்டடம் நிக்கணும். அந்த ஒரு ஆசைதான் அவனுக்கு.

செவுத்துக்கெல்லாம் வெள்ளையடிச்சான். வராந்தாத் தரையில இத்துப்போன பலகையப் பிடுங்கிட்டு புதுப் பலகை அடிச்சான். ஜன்னல் கண்ணாடிய மாத்தினான். உனக்கும் ஒரு கோட்டு பூசிக்கோடா, நீயும்தான் பழசாயிட்டன்னு கிண்டல் பண்ணினேன். சிரிக்கக்கூட அவனுக்கு நேரமில்ல.

கடைசியா வாசல் நிலையில கைய வச்சான்.

அந்த நிலையப் பத்திச் சொல்லியாகணும். காட்டுல ஒரு மரத்த வெட்டலாம்னு முடிவானா, அடிமரத்துல இரும்புச் சுத்தியால ஒரு முத்திரை குத்துவாங்க. ஒவ்வொரு ரேஞ்சருக்கும் தனி முத்திரை. இந்த ஆபீசுக்கு மாத்தலாகி வர்றவங்க, வந்த அன்னைக்கே சுத்திய எடுத்து வாசல் நிலையில ஓங்கி ஒண்ணு போடுவாங்க. யாரு ஆரம்பிச்சு வச்சாங்களோ, ஒருத்தருக்கும் தெரியாது. கீழ இருந்து மேல வரைக்கும் வரிசையா இருக்கும். அடியில இருக்கிறது தேஞ்சு, தடவினாத்தான் தெரியும். உச்சியில இருக்கிறது என் தம்பியோடது.

அதப் பாத்தாத்தான் அவனுக்குப் பயம். அரசாங்கக் கட்டடத்துல சுத்தியால அடிச்சது தப்பாம். அந்த மேடம் உள்ள நுழையுறப்பவே கண்ணுல படும், பொறுப்பில்லாத பசங்கன்னு எழுதிட்டுப் போயிருவாங்கன்னான். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. நிலையப் பேத்து எடுத்துட்டு, புதுசு ஒண்ணு செஞ்சு வச்சு, வார்னிஷ் அடிச்சான். பழசத் துண்டு துண்டா அறுத்து அடுப்புப் பக்கத்துல அடுக்கிட்டான். நல்லாக் காஞ்ச கட்டை. ஊதவே வேண்டாம், சும்மா கபகபன்னு எரிஞ்சுது. இப்பதான்டா உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கன்னு நானே வாயாரச் சொன்னேன்.

மேடம் வந்தாங்க. தோள்ல பை, கையில டார்ச். பட்டப்பகல்ல உத்தரத்துக்கு மேல, படிக்குக் கீழ, ஒரு சந்து விடாம டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. மனசுக்குள்ள அவங்களுக்கு டார்ச் அம்மான்னு பேரு வச்சுட்டு டீ போடப் போனேன். அடுப்படியில இருந்து பாத்தா வாசல் நேராத் தெரியும். என் தம்பி ஸ்கூல் பையன் மாதிரி கையக் கட்டிக்கிட்டுப் பின்னாடியே போறான்.

வாசல்கிட்ட வந்ததும் அந்தம்மா நின்னுட்டாங்க. நிலையத் தடவிப் பாத்தாங்க. இது எப்ப வச்சதுன்னு கேட்டாங்க. போன வாரம்தான் மேடம், மொத்தமும் என் கையாலயே செஞ்சேன்னு இவன் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொல்றான். பாவி, அந்தச் சந்தோஷத்த நான் கண்ணால பாத்தேனே.

பையில இருந்து ஒரு பழைய போட்டோவ எடுத்துக் காட்டினாங்க. எந்தக் காலத்து ரேஞ்சரோ, வாசல்ல நிக்கிறாரு. அவருக்குப் பின்னாடி நிலையில வரிசையா முத்திரை.

"இது மாதிரி கட்டடம் நிறைய இருக்கு சார். இந்த முத்திரை வரிசை மட்டும் வேற எங்கயும் இல்ல. இதுக்காகத்தான் நான் வந்தேன்," அப்படின்னாங்க. "அந்தப் பழைய நிலை எங்க?"

தம்பி என்னப் பாத்தான். நான் அடுப்பப் பாத்தேன்.

ஓடி வந்தான். எரியுற கட்டையக் கையாலயே இழுத்துப் போட்டான். நான் தண்ணிய ஊத்தினேன். எல்லாம் கரி. அடுக்கி வச்ச விறகையெல்லாம் கலைச்சுப் புரட்டினோம். முத்திரையோட ஒரே ஒரு துண்டு கிடைச்சுது. அந்தம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. யாரோடதுன்னு கேட்டாங்க. என்னோடதுன்னான்.

அந்தம்மா ஒண்ணும் கோவப்படல. கோவப்பட்டிருந்தாலாவது தேவலாம்னு இருந்துச்சு. பலகை, கண்ணாடியெல்லாம் மாத்தினதக்கூட எப்படியாவது சமாளிச்சிருக்கலாம், இந்த ஒரு துண்ட வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, இடிக்கிறதத் தடுக்க இனிமே வழி இல்லன்னு மெதுவாச் சொன்னாங்க. டீயக் குடிக்கல.

அவங்க ஜீப் கீழ இறங்கிப் போன பிறகும் அவன் வராந்தாவுல புதுப் பலகை மேலயே உக்காந்திருந்தான். மடியில அந்தத் துண்டு. கையில கொப்புளம். மருந்து போடலாம் வாடான்னேன். வரல. பக்கத்துல போய் உக்காந்தேன்.

"எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாரையும் எரிச்சிட்டேன்க்கா," அப்படின்னான். "என்ன மட்டும் மிச்சம் வச்சிருக்கேன்."

அந்தக் கைய எடுத்து என் மடியில வச்சு, முந்தானையால கரியத் துடைச்சு விட்டுக்கிட்டு இருந்தேன்.