பிஷப்பைப் பயமுறுத்துவது

எவரிஸ்தோ லினோ யாரையும் நம்பாத ஆள். வானொலிக்காரன் வெயில் என்றால் மழைக்கோட்டை எடுத்துப் படகில் போடுவார். பவளப்பாறையைப் பற்றிப் பேச நகரத்திலிருந்து படித்தவர்கள் வந்தால் முதலில் அவர்கள் செருப்பைப் பார்ப்பார். அதில் உப்புக் கறை இல்லையென்றால் பாதிக் கூட்டத்தில் எழுந்து வந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவனை நம்பினார். அவன் ஒரு களவாய் மீன்.

நீளத்தில் எவரிஸ்தோ கிழவருக்குக் கொஞ்சம்தான் குறைவு. தொங்கிய கீழுதடு, முன்தள்ளிய தொப்பை, எதற்கும் அவசரப்படாத போக்கு. பிஷப் என்று பெயர் வைத்தது கிழவரின் மனைவி நிக்கோலாசா.

சிங்க மீன் இந்தக் கடலுக்குச் சொந்தமில்லை. எங்கிருந்தோ வந்து, பவளப்பாறையிலுள்ள குஞ்சு மீனையெல்லாம் வழித்துத் தின்கிறது. உடம்பெல்லாம் விஷமுள், அதனால் மற்ற மீன்கள் அதன் வழிக்கே போவதில்லை. மீன்பிடித் தடை எல்லையைக் காட்டும் மஞ்சள் மிதவைகளுக்கு உள்ளே யாரும் ஒரு நண்டைக்கூடத் தொடக்கூடாது. சிங்க மீனை மட்டும் ஈட்டியால் குத்த எவரிஸ்தோவுக்கு அனுமதி இருந்தது. பெரியது நிக்கோலாசாவின் கடைக்கு வறுவலாகப் போகும். சின்னது பிஷப்புக்கு. ருசி பழகிவிட்டால் அவனே வேட்டையாடுவான் என்று கிழவர் கணக்குப் போட்டார். பிஷப் போட்ட கணக்கு வேறு. சாப்பாடு ஈட்டி முனையில் வருகிறது என்று கண்டுகொண்டான். ஈட்டியோடு எவன் குதித்தாலும் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே போனான்.

டெல்பினோ என்று ஒருத்தன். மிதவைக்கு உள்ளே போய்த் திருட்டுத்தனமாகச் சிங்கி இறால் பிடிக்கிறவன். ஊருக்கே தெரியும், இதுவரை மாட்டியதில்லை. ஒருநாள் படகுத்துறையில் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டான்.

“பெருசு, உள்ள ஒரு களவாய் இருக்காமே? ஆளக் கண்டா ஓடாதாமே? ஈட்டிய நீட்டுனா அதுவே வந்து நிக்குமாமே?”

“எவன்டா சொன்னது?”

“நீதான். கிறிஸ்மஸ் அன்னிக்கு ரம் உள்ள போனதும் ஊரையே கூட்டி வச்சுச் சொன்னியே.”

கிழவர் அங்கே நிற்கவில்லை. நேரே கடல் காவல் அதிகாரி இக்னேசியாவிடம் போனார்.

“இந்தாம்மா, அவன் என் பிஷப்பைக் குத்தப் போறான்.”

“மாமா, எனக்கு இருக்கிறது ஒரே படகு. பாரு எம்மாந்தூரம் கிடக்கு? அவன் உள்ள இருந்தான்னு தெரிஞ்சாத்தான் நான் பிடிக்க முடியும். ஆமா, அந்த மீனைப் பிச்சையெடுக்கப் பழக்குனது யாரு?”

கிழவர் படகுக்குத் திரும்பினார். ஒரே வழிதான் இருந்தது. மனிதனை நம்பாதே என்று பிஷப்புக்குச் சொல்லித்தர வேண்டும். அந்தப் பாடத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்தார்.

முதலில் ஈட்டியின் மொட்டைப் பக்கத்தால் மூக்கில் ஒரு குத்துவிட்டார். பிஷப்புக்கு அது சொறிந்துவிட்டது போல இருந்ததோ என்னவோ, மறு கன்னத்தையும் கொண்டுவந்து காட்டினான். அடுத்து, சிங்க மீனின் வயிற்றில் நிக்கோலாசாவின் காரமான மிளகாயை அடைத்துக் கொடுத்தார். விழுங்கிவிட்டு இன்னும் உண்டா என்று வாயைத் திறந்தான். கடைசியில் ஒரு வாணலியைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் காதருகே தட்டிப் பார்த்தார். மறுநாளிலிருந்து வாணலிச் சத்தம் கேட்டாலே சாப்பாட்டு மணி அடித்ததாக ஓடிவந்தான்.

“யோவ், என் வாணலியும் போச்சு, மிளகாயும் போச்சு. இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு மீனு முள்ளெடுத்துக் குடுத்திருப்பியா நீ?” என்றாள் நிக்கோலாசா.

“நீ தானா ஓடிப் பிழைச்சுக்குவ. அவன் பிழைக்கமாட்டான்டி.”

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். நிக்கோலாசாவின் கடையில் கூட்டம். இக்னேசியா ஒரு மூலையில் இடித்த வாழைக்காயைத் தேங்காய்ப்பால் மீன்குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். டெல்பினோ உள்ளே பாய்ந்தான். கையில் பனியனைச் சுற்றியிருந்தான், அதில் ரத்தம்.

“யோவ் பெருசு! உன் மீனு என்னைக் கடிச்சிருச்சுய்யா!”

எவரிஸ்தோ தட்டைக் கீழே வைத்தார். “அவனை என்னடா பண்ண?”

“நான் பண்ணுனேனா? ஒரு சிங்கியத்தான் குத்துனேன். பின்னாலேயே வந்து பிடுங்கித் தின்னுடுச்சு. இடுப்புல கட்டுன பையையும் விடல. கிழிச்சு அத்தனை சிங்கியையும் முழுங்கிட்டு, காலிப் பையை என் மூஞ்சியிலேயே துப்புச்சுய்யா! ஈட்டிய வீசுனா முதுகுல லேசா உரசிட்டுப் போயிருச்சு. திரும்பி வந்து கையக் கவ்வுது. இதுவா மீனு? இதுக்கு ஒரு நியாயம் வேணாமா?”

“செத்துட்டானா?”

“அதுவா சாகும்? என்னைக் கொன்னுட்டுத்தான் சாகும்!”

இக்னேசியா விரலைச் சப்பிவிட்டு எழுந்தாள். “அநியாயம்தான் அண்ணே. எந்த இடத்துல நடந்துச்சு?”

“மஞ்சள் மிதவைக்கு உள்ளதான், வேற எங்க...”

சொல்லிவிட்டுத்தான் வாயை மூடினான்.

“சிங்கி பிடிக்கக் கூடாத மாசம் வேற,” என்றாள் இக்னேசியா. “படகு எங்க நிக்குது?”

“நான் புகார் சொல்ல வந்தவன்!”

“சொல்லுங்கண்ணே. படகுக்குப் போற வழியில ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

திங்களன்று கிழவர் ஈட்டியோடு இறங்கினார். பிஷப் தன் பொந்து வாசலில் இருந்தான். முதுகில் ஒரு வெள்ளைக் கீறல். ஈட்டியைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான். கிழவர் ஈட்டியை மணலில் போட்டுவிட்டு வெறுங்கையைக் காட்டினார். இன்னும் பின்னால் போனான். வாணலியைத் தட்டினார். அசையவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனாலும் கிழவர் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் பிஷப்பின் வாயோரத்தைக் கவனித்தார். கோடு கோடாக ஒரு துடுப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உயிருள்ள, ஈட்டி படாத சிங்க மீன். பிஷப் அதைத் தலைப்பக்கத்திலிருந்து, முள் குத்தாதபடி, பழக்கப்பட்டவன் போலப் பதமாக விழுங்கினான். நேற்றுக் கற்றுக்கொண்ட வேலையாகத் தெரியவில்லை.

கரைக்கு வந்து வாணலியை நிக்கோலாசாவின் முன்னால் எறிந்தார்.

“வேட்டையாடத் தெரியும்டி அவனுக்கு! ஆரம்பத்துல இருந்தே தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே என்னைச் சமையக்காரனா வச்சிருந்திருக்கான்!”

நிக்கோலாசா சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்திருக்கும்.

“இதுக்குத்தான் நான் யாரையும் நம்புறதில்ல,” என்றார் எவரிஸ்தோ. நசுங்கிய வாணலியை எடுத்து, நிக்கோலாசாவின் அடுப்புக்கு மறுபடி ஆகட்டுமென்று, கரி போக மணலால் தேய்க்க ஆரம்பித்தார்.