சட்டிக்குத் தடவியது

மேனேஜர் என்பது நாயின் பெயர். சமையல் நடக்கும்போது அடுப்படி வாசலில் உட்கார்ந்து, ஒரு துரும்பையும் நகர்த்தாமல், எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். நாலு மாதமாக மேனேஜருக்கு அரிப்பு. காது புண்ணாகி, வயிற்றில் முடி கொட்டி, பார்க்கவே பாவமாக இருந்தது.

"சாப்பாட்டு அலர்ஜி மாதிரி தெரியுது," என்றார் நாய் டாக்டரம்மா. "எட்டு வாரம் முயல்கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மட்டும் போடுங்க. வேற ஒரு துணுக்கு உள்ள போகக்கூடாது. அப்பவும் குறையலைன்னா ஆயுசுக்கும் மாத்திரைதான். இதோட உடம்பு அதைத் தாங்காது."

மேனேஜரை வளர்க்கும் சமையல்காரம்மாவுக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு. தொழிற்சாலை கேன்டீனில் இருபத்தெட்டு வருடமாக முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிறவளுக்கு ஒரு நாய் எம்மாத்திரம்? கறி இருநூறு கிராம், கிழங்கு முந்நூறு, உப்பு கிடையாது என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். உப்பில்லாமல் ஆக்குவது அவள் தொழிலுக்கே இழுக்கு. மேனேஜருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் போனது. அரிப்பு போகவில்லை.

வீட்டில் இருப்பதோ மூன்றே உயிர். நாய் தானாக டப்பாவைத் திறந்து தின்னாது. தன் மேல் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. மிச்சம் வீட்டுக்காரர்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனுஷன். சட்டைப் பையில் பிஸ்கட் இல்லாமல் படியிறங்க மாட்டார்.

"நீங்கதானே போடுறீங்க?"

"நான் எதுவும் போடலம்மா."

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? முழியைப் பாரு!"

விசாரணை அத்தோடு முடிந்தது. பிஸ்கட் டப்பா பீரோவுக்குள் போனது. அவர் பால்கனியில் நின்றபடி சாப்பிட்டார், வாய் கொப்பளித்தார், உள்ளே வருமுன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நாயைத் தொட அனுமதி இல்லை. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, காதைச் சொறிந்துகொண்டே, அவரையும் மேற்பார்வை பார்த்தது.

எட்டாம் வாரம் மூவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். காது அப்படியேதான் இருந்தது.

"மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். எப்படிச் சமைக்கிறீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க."

என்னிடமே சமையல் கேள்வியா என்று அவளுக்குச் சுருக்கென்றது. "அடுப்பைப் பத்தவைப்பேன். சட்டி காஞ்சதும் வெண்ணெய் ஒரு தடவு தடவுவேன். கறியைப் போட்டு..."

"வெண்ணெயா?"

"அது சட்டிக்குங்க. சாப்பாட்டுக்கு இல்ல."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "பால்ல இருந்து வர்ற எதுவுமே ஆகாம இருக்கலாம்மா. இப்ப மாத்திரை வேண்டாம். வெண்ணெய் இல்லாம இன்னொரு எட்டு வாரம் பார்ப்போம்."

வீட்டுக்காரர் சுவரில் இருந்த பூனைப் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவுக்கு வந்ததும் அவர் எதுவும் நடக்காததுபோல மேனேஜரின் வாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தேவலை. "ஏங்க, நீங்க இல்லன்னு அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு தடவை சொன்னேன். நீ அவ்வளவு உறுதியா இருந்தியா, அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல எந்திரிச்சுப் போட்டுடறேனோ என்னமோன்னு, நீ தூங்கினதும் என் காலைக் கட்டில் காலோட துண்டால கட்டிக்கிட்டுத்தான் படுக்கிறேன். அஞ்சு வாரமா."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, "தப்பு என் மேலதாங்க," என்று விம்மினாள்.

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் இதைக் கேட்பது முதல் தடவை. "அப்படியா?" என்றார்.