மேல் வரிசை, மதில் ஓரம்

ஈரப்பஞ்சை உதட்டருகே கொண்டுபோனபோது கிருபானந்தன் சிவமலரின் கையைத் தட்டிவிட்டார். கோபமாக அல்ல, வழியில் நிற்கிற ஆளை விலக்குவதுபோல. பிறகு கட்டிலின் கால்மாட்டைப் பார்த்து அதே சொற்களைத் திரும்பவும் சொன்னார்.

முதல்நாள் மத்தியானத்திலிருந்து இப்படித்தான். ஈரலில் தொடங்கிய புற்றுநோய் தலைக்கு ஏறியபிறகு தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது. மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியின் ஏழாம் மாடிக்கு அவரைக் கொண்டுவந்து ஒன்பது நாள். காலையில் வந்த தாதி, உங்கள் மொழியில் என்ன கேட்கிறார், வலி என்கிறாரா என்று விசாரித்தாள். சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பெட்டி அடுக்கிய சிவமலருக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும். ஓமென்று தலையை ஆட்டினாள். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனுசன் சொல்வது தனக்கே விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சொல்தான். மலர் என்று ஒருதரம் கூப்பிட்டால் போதும். அதற்காக இரண்டு நாளாகக் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தாள்.

எட்டரைக்கு மகள் சாருஜா வந்தாள். கொஞ்சநேரம் தகப்பனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இது ஜேர்மன்."

கனடாவுக்கு வருமுன் அவர் ஆறு வருடம் ஜேர்மனியில் அகதியாக இருந்தது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கேட்டால் குளிர் என்பார், வேலை செய்ய விடமாட்டார்கள் என்பார். அதோடு கதை முடிந்துவிடும். சாருஜா கைபேசியை அவர் வாயருகே பிடித்தாள். அது மொழிபெயர்த்துப் பிரெஞ்சில் எழுதிக் காட்டியதைத் தமிழில் தாய்க்குச் சொன்னாள். பாலம். ஆலை. தண்ணி மேல வந்திட்டுது. பிறகு ஒரு கேள்வி. திரும்பத் திரும்ப அதே கேள்விதான்.

"அவனை எங்கை வைச்சிருக்கிறீங்கள் எண்டு கேக்கிறார்."

மொழிபெயர்க்க முடியாத ஒரு சொல்லைக் கைபேசி அப்படியே விட்டிருந்தது. எர்லன்றோட். ஊரின் பெயர். தேடியதும் வந்தது. ஊரவர் யாரோ ஆறஅமர இருந்து எழுதிய ஒரு பக்கம், ஒரு தொலைபேசி இலக்கத்தோடு. சாருஜா வாசித்துச் சொல்லிக்கொண்டு போனாள். இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஒரு ஓடை, ஓடையோரம் ஒரே ஒரு தெரு. மாரியில் வெயில் பதினொரு மணிக்குத்தான் தெருவில் விழும். கீழே மாவாலை, மேலே தேவாலயம், அதன் பின்னால் ஊராரைப் புதைக்கும் சேமக்காலை. எண்ணூறு வருடத்துக்கு முன் மடமொன்றின் ஏட்டில் முதன்முதல் எழுதப்பட்ட ஊர். பதினேழாம் நூற்றாண்டில் முப்பது வருட யுத்தம் ஓய்ந்தபோது நாலு வீட்டில்தான் அடுப்பு எரிந்ததாம். பிறகொரு பஞ்சத்தில் பாதிச் சனம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிப் போய்விட்டது. இப்போது நூற்றித் தொண்ணூறு பேர்.

இதையெல்லாம் ஏன் வாசிக்கிறாள் என்று சிவமலருக்கு எரிச்சல் வந்தது. கட்டிலில் அவருடைய கால்கள் போர்வைக்குள் அசைந்துகொண்டிருந்தன, நடப்பதைப்போல. அந்தப் பக்கத்தின் கீழே, ஓடையில் வந்த வெள்ளங்களின் பட்டியல் இருந்தது. ஆயிரத்து எழுநூற்று எண்பத்து நாலு, இரண்டு பாலங்கள் போயின. ஆயிரத்துத் தொளாயிரத்து ஒன்பது, ஆலைச் சில்லு உடைந்தது. எண்பத்தேழு மார்ச், பனி உருகி வந்த வெள்ளம், ஒருவர் இறந்தார்.

சாருஜா நிறுத்தினாள். சிவமலர் பஞ்சைக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.

கிருபானந்தனோடு ஜேர்மனிக்குப் போனவன் அவருடைய தம்பி மதிசுதன். எண்பத்தேழில் களவாக ரயிலேறி டென்மார்க்குக்குப் போனவன், பிறகு தொடர்பில்லை. வீட்டில் சொல்லப்பட்டது அதுதான். மாமியார் இலட்சுமிப்பிள்ளை அவனுடைய சாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை பெண் பார்த்தாள். கலியாணம் செய்து மொன்றியலுக்கு வந்த வருடமே, மாமி கடிதத்தில் கேட்டபடி, அவன் சுகமாகத் திரும்ப வேண்டுமென்று சிவமலர் கோயிலில் அர்ச்சனை செய்யத் தொடங்கினாள். மாமி போனபிறகும் விடவில்லை. மதிசுதன், பூரட்டாதி நட்சத்திரம் என்று ஐயருக்குச் சொல்வாள். கிருபானந்தன் கூட்டிக்கொண்டு போவார். கார் நிறுத்த இடமில்லை என்று வெளியில் காருக்குள்ளேயே இருப்பார்.

"அந்த நம்பருக்கு எடு," என்றாள் மகளிடம்.

அங்கே பின்னேரம் மூன்று மணி. எடுத்தது எல்க்கே என்ற ஒரு பெண். அந்தப் பக்கத்தை எழுதியவள். ஆங்கிலத்தில் சொல் சொல்லாகத் தேடிப் பேசினாள். பூட்டிக்கிடந்த சாராயக்கடையில் பதினொரு தமிழ்ப் பொடியங்களைக் கொண்டுவந்து வைத்திருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த மார்ச்சில் இரண்டு சகோதரங்களில் மூத்தவருக்கு நெருப்பாய்க் காய்ச்சல். மருந்து வாங்கப் பக்கத்து ஊருக்குப் போன தம்பியை ஆலைப் பாலத்தில் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாள் மதகுக்குக் கீழே உடலை இழுத்து எடுத்தது அவளுடைய தகப்பன். அதற்குள் மூத்தவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நியுமோனியா, நினைவில்லை. அவருக்காகக் காத்திராமல் ஊர் தம்பியைப் புதைத்துவிட்டது. திரும்பி வந்தவர் பஸ்ஸால் இறங்கி, ஓடையோரத் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, இருந்த கொஞ்ச ஜேர்மனில் கேட்டுக்கொண்டு போனாராம், அவனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. அவர்கள் வீட்டுக் கதவையும் தட்டினார். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பிறகு மூன்று வருடம் அந்தச் சேமக்காலையில் புல்லு வெட்டியது அவர்தானாம்.

சாருஜா தாயின் பக்கம் திரும்பினாள்.

"சித்தப்பா செத்திட்டாராம் அம்மா. எண்பத்தேழிலயே."

சிவமலருக்கு முதலில் வந்தது அழுகையல்ல. ஐயர் தட்டை நீட்டி யாருடைய பெயருக்கு என்று கேட்கும் முகம்தான் வந்தது.

அவள் எல்க்கேயிடம் ஒன்றைக் கேட்கச் சொன்னாள். கல்லறை இப்போதும் இருக்கிறதா? அங்கே ஒரு குழி முப்பது வருடத்துக்குத்தானாம். உரியவர்கள் வந்து காசு கட்டி நீட்டிக்க வேண்டும். கல்லில் ஒரு வருடம் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள், ஒருவரும் வரவில்லை. ஏழு வருடத்துக்கு முன் கல்லை எடுத்து மட்டமாக்கிவிட்டார்கள். இப்போது புல்லு. ஆனால் அவனைத் தோண்டி எடுக்கவில்லை, அவன் அங்கேதான் இருக்கிறான், மேல் வரிசையில், மதில் ஓரம் என்றாள்.

"அதை அவருக்குச் சொல்லச் சொல்லு. அவரின்ரை பாசையிலயே சொல்லச் சொல்லு."

சாருஜா கைபேசியைத் தலையணையில் வைத்தாள். எல்க்கே மெதுவாகச் சொன்னாள். கிருபானந்தனின் கண்கள் அலைந்தன. முடிந்ததும் அதே கேள்வியைக் கேட்டார். அவள் திரும்பவும் சொன்னாள். அவர் திரும்பவும் கேட்டார். மூன்றாம் தரமும் அவள் சொன்னாள். அவரோ அடுத்த கதவைத் தட்டுகிறவரைப்போல, வந்து நின்ற தாதியைப் பார்த்து, அதே மரியாதையோடு அதையே கேட்டார்.

சிவமலர் எழுந்தாள். இரண்டு கையாலும் அவருடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"முப்பது வருசமா உங்கட தம்பியின்ரை பேரிலை அர்ச்சனை செய்தனானப்பா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் காருக்குள்ளை இருந்தனீங்கள். ஒரு நாளாவது இறங்கி வந்து வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம்."

அவர் அவளைப் பார்த்தார். ஆளைத் தெரிந்துதான் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. கேள்வி நின்றுவிட்டது. மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிக்கொண்டு போனது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வருமென்று மூவரும் காத்திருந்தார்கள். தாதி மணியைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது.

கடைசியாக அவர் காதில் விழுந்தது தான் சொன்னதுதான் என்று சிவமலருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் குனிந்து அவருடைய காதோடு வாயை வைத்தாள்.

"மேல் வரிசை. மதில் ஓரம். அங்கைதான் இருக்கிறான். கேக்குதே? மேல் வரிசை, மதில் ஓரம்."

தாதி தோளில் கைவைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். தலையணையில் கிடந்த கைபேசியில் எல்க்கே இன்னும் போகவில்லை. சாருஜா அதை எடுத்து, நன்றி சொல்லி, நிறுத்தினாள்.

மத்தியானம் சிவமலரின் தம்பி இரவிச்சந்திரன் ரொறொன்ரோவிலிருந்து எடுத்தான். மரண அறிவித்தலைப் பின்னேரத்துக்குள் இணையத்தில் போடவேண்டும், விபரங்களைச் சொல்லக்கா என்றான். கட்டிலை எடுத்துவிட்ட அறையில், கதிரையில் இருந்தபடி அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறந்த இடம். தாய் தகப்பன் பெயர். மகள். சகோதரங்கள் என்று வந்ததும் அவன் தானாகவே எழுதத் தொடங்கினான். மாமியின் அறிவித்தலில் இருந்தபடி மதிசுதன், அடைப்புக்குறிக்குள் டென்மார்க், அப்படித்தானே என்று கேட்டான்.

"இல்லை. காலஞ்சென்ற மதிசுதன் எண்டு போடு."

அவன் என்னக்கா என்றான். போடு என்றாள். அப்ப ஊர் என்ன போடுறது என்று கேட்டான்.

அவள் அந்த ஓடையோர ஊரின் பெயரைச் சொன்னாள். அவனுக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னான்.

"எழுது," என்றாள். "எ. ர். ல. ன்."