ஏற மாட்டேன் சார்

அடுத்த வாரம் மாநிலப் போட்டி. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பாக்கியமேரி ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுத் தேவதர்ஷினியிடம் கேட்ட முதல் கேள்வி அவளுடைய கால் வலியைப் பற்றியது அல்ல.

“பீரியட்ஸ் கடைசியா எப்ப வந்துச்சு?”

“அஞ்சு மாசம் இருக்கும் டாக்டர். நிறைய ஓடுனா அப்படித்தான்னு நெனச்சேன்.”

ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் மைதானத்துக்கு வந்து தினமும் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிறவள் அவள். ஐயாயிரம் மீட்டரில் மாவட்டத்திலேயே முதலிடம். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பயிற்சியாளர் வளவன் சொன்னதிலிருந்து மதியச் சோற்றை நிறுத்தியிருந்தாள்.

“ஓடுற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தலம்மா. அதான் பீரியட்ஸ் நின்னுருக்கு. எலும்பும் பலவீனமாயிடுச்சு. முழங்காலுக்குக் கீழ விரிசல் இருக்கு. இப்ப ஓடுனா முறிஞ்சிரும்.”

மாலையில் மைதானத்துக்குப் போனபோது பெண்கள் எடை மெஷின் முன்னால் வரிசையில் நின்றிருந்தார்கள். வளவன் நோட்டுடன் உட்கார்ந்திருந்தார்.

“சார், என்னால ஓட முடியாது. டாக்டர் ரிப்போர்ட் இருக்கு.”

அவர் அதை வாங்கவே இல்லை. “வலி யாருக்குத்தான் இல்ல? மெடல் வாங்குனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. இதை விட்டா போச்சு. மெஷின்ல ஏறு.”

ஏறிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

“ஏற மாட்டேன் சார். அஞ்சு மாசமா எனக்குப் பீரியட்ஸ் வரல. சாப்பிடாமலே எலும்பு விரிசல் விட்டுப்போச்சு.”

தூரத்தில் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். வளவன் முகம் சிவந்தது.

“இதையெல்லாம் இங்க வந்து பேசுவியா?”

“சோத்தை நிறுத்தச் சொன்னது நீங்கதானே? உங்ககிட்டதான் சார் பேசணும்.”

வரிசையில் அடுத்து நின்ற நஜீமா தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும் மூணு மாசமா வரல சார்.”

வளவன் அவளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ரிப்போர்ட்டை வாங்கினார். இரண்டு முறை படித்தார்.

“இன்னைக்கு எடை வேணாம். எல்லாரும் கிளம்புங்க” என்றார், தலை நிமிராமல்.

தேவதர்ஷினி இல்லாமலே போட்டி நடந்தது. ஜெயித்தவளின் நேரத்தை ஃபோனில் பார்த்தாள். தன்னுடைய சிறந்த நேரத்தைவிட நான்கு விநாடி அதிகம். அன்று முழுக்க அழுதாள். மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு, நஜீமாவை டாக்டரிடம் கூட்டிப் போனாள்.