ஒரே ஒரு பொத்தான்

போன் எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் போன் தயாரிக்கும் கம்பெனியில் என் பிழைப்பு. வீட்டில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஒரு விரலால் போனில் தட்டுவார். அது சத்தமாகப் படித்துச் சொல்லும். ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடிக்க அவருக்கு நேரமாகும். அதுவரை திரை அணையாமல் இருக்க ஒரு செட்டிங் உண்டு, அதைப் போட்டு வைத்திருக்கிறேன்.

அந்த செட்டிங்கைத்தான் இன்றைக்கு எல்லா போனிலிருந்தும் தூக்கப் போகிறார்கள்.

"இத்தனை செட்டிங் வச்சு யாருக்கு என்ன லாபம்? ஒரே ஒரு பொத்தான். அமுக்கினா பேட்டரி மிச்சம். மத்ததெல்லாம் போனே பாத்துக்கும்," என்றார் மீட்டிங்கில் மேனேஜர். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்டதையும் நோண்டிவிட்டு, சார்ஜ் நிற்கவில்லை என்று நம்மைத் திட்டுகிற கூட்டம்தான் அதிகம்.

"சார், இது மட்டும் இருக்கட்டும். மெதுவா டைப் பண்றவங்களுக்குப் பாதியிலயே திரை போயிடும்."

"நூத்துல ஒருத்தர்கூட அதைத் தொடறதில்லம்மா. ஒருத்தருக்காக விட்டா, ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க."

"அந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர், சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷன், பாவம். "மொதல்லயே சொல்லக் கூடாதா? அவர் போனுக்கு மட்டும் தனியா ஒண்ணு போட்டுத் தந்துடுவோம். சரியா?"

சரி என்றேன். செட்டிங்கை நீக்கலாம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மனசு மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தேன். "இனிமே கவலையே இல்லைங்க. உங்களோடது மட்டும் அணையாது."

அவர் ஒரு எழுத்தைத் தட்டினார். நிறுத்தினார். யோசித்தார். நான் போய்த் தட்டுகளைக் கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டு வந்தேன். அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தார். திரை அணையவே இல்லை.

கடைசியில் போன் படித்தது: "மத்தவங்களுக்கு?"

வெட்கமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. "நேரமாச்சு, படுங்க," என்று சொல்லி, அவர் கையிலிருந்த போனை வாங்கித் திரையை நானே அணைத்தேன்.