கடைசிப் பிடிச் சோறு

சுஜிந்தனுக்கு வெளிநாட்டில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது என்று தெரிந்ததும் கல்முனையே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. காரைதீவுப் பொடியன், எங்கள் பாடகர் மீராமுகைதீனின் வாழ்க்கைப் படத்தில் மீராமுகைதீனாகவே நடித்திருந்தான். மனிசன் இருந்த காலத்தில் மார்க்கத்தில் பாட்டுப் பாடுவது கூடுமா கூடாதா என்று சந்திக்குச் சந்தி நின்று வாய் கிழியப் பேசியவர்களெல்லாம் இப்போது "நம்மட மீராமுகைதீன்" என்று முகநூலில் உருகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, ஸுல்பிகாவின் முதல் புருஷன்.

சுனாமி வந்த காலையில் அவர் கடற்கரையில் நின்றவர். ஜனாஸாவாகக்கூட உடல் கிடைக்கவில்லை. ஊரும் காதியாரும் ஆள் இறந்தது, மௌத்து என்று தீர்த்த பிறகு ராத்தா விதவைக்குரிய இத்தாக் காலம் இருந்து முடித்தாள். பிறகு கச்சிமுகம்மது மச்சானை நிக்காஹ் செய்தாள். கடைத்தெருவில் ஆணியும் கம்பியும் விற்கிறவர், அதிகம் வாய் திறக்கமாட்டார். அவர்களுடைய மகள் றுமானா கம்பஸில் படிக்கிறாள். படம் எடுக்கிறவர்கள் கதை கேட்டு வந்தபோது ராத்தா கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை.

"புருஷன் உசிரோட இரிக்கிற வீட்டுல மௌத்தான புருஷனப் பத்திக் கதைக்க ஏலா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

என்னிடமும் வந்தார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

விருதுக்குப் பிறகு றுமானா அந்தப் படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினாள். எல்லாரும் புகழ்ந்த காட்சி ஒன்று இருந்தது. மாமியார் வீட்டில் சாப்பிட உட்காருகிறான் சுஜிந்தன். மீனின் நல்ல துண்டு அவன் பீங்கான் தட்டில் விழுகிறது. அவன் முள்ளையும் ஓரத்தையும் தின்றுவிட்டு, அந்தத் துண்டைக் கடைசிப் பிடிச் சோற்றுக்கு அடியில் மறைத்து, "போதும் மாமி" என்று எழும்புகிறான். அது கதையிலேயே எழுதப்படாதது, நடிகர் தானாகச் செய்தது என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன.

அதை நான் நேரில் கண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நல்ல துண்டு அவருக்கு, வாலும் தலையும் பெண்களுக்கு. பெண்சாதிக்கு எடுத்துக் கொடுத்தால் மாமியார் பார்த்துவிடுவாவே என்று வெட்கப்பட்டு, மீராமுகைதீன் மச்சான் ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்தார். சோற்றை வீணாக்குகிற மருமகன் என்று உம்மா கடைசிவரை குறைசொல்லியே மௌத்தானார். பீங்கான் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகிற ராத்தா அங்கே நின்று அந்த மீனைத் தின்பாள். நான் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

அந்தக் காட்சியில் ராத்தா எழும்பிப் பின்பக்கம் போனாள். கச்சிமுகம்மது மச்சான் அவள் போவதைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"நீயா சொன்ன?" என்றாள் ராத்தா, நான் குசினிக்குள் நுழையும்போதே.

"அல்லாஹ் மேல சத்தியமா நான் சொல்லல்ல. நீங்க?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அது தெரிந்த இன்னொரு ஆள் ஒருவர்தான். அவர் பெயரை நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவர் உயிரோடு இருந்தால் இந்த நிக்காஹ் என்னாகும்? றுமானாவை இந்த ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும்? இந்த ஊர் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா.

அடுத்த கிழமை நகர மண்டபத்தில் சுஜிந்தனுக்குப் பாராட்டு விழா. அதற்கு முதல் ராத்தாவைக் கண்டு ஸலாம் சொல்லவேண்டும் என்று ஆள் அனுப்பினான். மறுக்க வழியில்லை. விழா அன்று பகல் சாப்பாட்டுக்கு வரச்சொன்னவர் கச்சிமுகம்மது மச்சான்தான்.

நல்ல பொடியன். சாப்பிடும்போது பாரை மீன் குழம்பைப் புகழ்ந்துகொண்டே இருந்தான். ராத்தா கரண்டியோடு பக்கத்தில் நின்றாள். அப்போது மச்சான், இவ்வளவு நாளும் ஒன்றும் கேட்காத மனிசன், கேட்டார்.

"தம்பி, படத்துல அந்தச் சோத்துச் சங்கதி எங்க எடுத்த?"

"அதுவா காக்கா" என்று மச்சானை அண்ணன் முறையில் கூப்பிட்டவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "புத்தளத்தில ஒரு மனிசன். கிழிஞ்ச வலை பொத்துறவர். கடலில ஆக்களப் பறிகுடுத்தவராம். முகம் முழுக்கத் தாடி, ஊர் பேர் கேட்டா சிரிச்சிட்டு விட்டிருவார். அவரோடதான் கொஞ்ச மாசம் கிடந்தன். நடை, இருமல், சாப்பிடுற விதம் எல்லாம் அவரிட்ட எடுத்ததுதான். இண்டைக்கு மேடையில வெச்சுச் சொல்லப்போறன். கூட்டிக்கொண்டு வந்திருக்கன், வானுக்குள்ள இருக்கார். உள்ளுக்க வாங்க எண்டன், மாட்டன் எண்டுட்டார்."

வெளியே வேம்புக்குக் கீழே வான் நின்றது. கறுப்புக் கண்ணாடி முழுக்க ஏற்றி விட்டிருந்தது. உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை.

ராத்தா ஒரு பீங்கான் எடுத்தாள். சோறு போட்டாள். குழம்பில் இருந்ததிலேயே பெரிய துண்டைத் தேடி எடுத்து மேலே வைத்தாள்.

"பசியோட ஒரு மனிசன வாசல்ல வெச்சிட்டு நாம சாப்பிட ஏலா" என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். மச்சான் எழும்பி அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தா. நான் குடுக்கன்."

மச்சான் பீங்கான் தூக்கி நான் கண்டதே இல்லை. வானின் கதவு ஒரு சாண் திறந்தது. மச்சான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாப்பிட்டு முடியும்வரை அங்கேயே நின்றார். என்ன பேசினார்கள், பேசினார்களா என்று தெரியாது. பிறகு வீட்டுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பீங்கான் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்.

"கழுவிட்டன்" என்றார்.

ராத்தா அந்தப் பீங்கானையே பார்த்தாள். "ஏதும் மிச்சம் வெச்சாரா?"

"ஒண்டும் வெக்கல்ல. வழிச்சுச் சாப்பிட்டுட்டார்."

ராத்தா கதிரையில் உட்கார்ந்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னாள். இத்தனை நாளாக இறுகிக் கிடந்த அவள் முகம் அப்போதுதான் தளர்ந்தது. கண் கலங்கியிருந்தது. நானும் மூச்சு விட்டேன்.

கை கழுவுகிற சாட்டில் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் ஓடுகிற கானுக்குள் ஒரு பிடிச் சோறு கிடந்தது. பக்கத்தில் எங்கள் பூனை, வாய்கொள்ளாத பாரைத் துண்டு ஒன்றை இழுத்துக்கொண்டு செடிக்குள் போனது. ஒரு கடி படாத துண்டு. காலால் மண்ணைத் தள்ளிச் சோற்றை மூடினேன். நிமிர்ந்தபோது மச்சான் பின்கதவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே சுஜிந்தன் ராத்தாவிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"நீங்க முன்வரிசையில இருக்கோணும் அக்கா. அவரை ஒரு பாட்டுப் பாட வைக்கப்போறன். மாட்டன் எண்டுதான் சொல்றார், நான் விடமாட்டன். ஊர் முழுக்க வருது, அந்தக் குரலை எல்லாரும் கேக்கோணும்."

மச்சான் ஈரக் கையை உடுத்திருந்த சாரனில் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.