சாமை இல்லாமல் ஓடிய மிஷின்

மூன்று கார்கள் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, ஆலத்தூர் நாட்டில் சங்கீதாவின் சாமை மில் முன்னால் நின்றன. இறங்கிய மூவருக்கும் தலைசுற்றல். மலையேறாமலே அவளுக்கும் அதே நிலைமைதான்.

மில்லைப் பெரிதாக்க மூன்று இடத்தில் பணம் கேட்டிருந்தாள்: பேங்க் கடன், அரசு மானியம், கோயமுத்தூர் கம்பெனி ஒன்றின் முதலீடு. அரசு வந்தால் பேங்க் வரும், பேங்க் வந்தால் கம்பெனி வரும், கம்பெனி வந்தால் அரசு வரும். முதல் பந்தியில் உட்கார வெட்கப்படும் சம்பந்திகளைப் போல எட்டு மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று சேர்ந்தே வந்துவிட்டார்கள். ஓடுகிற மிஷினும் வேலை செய்கிற நாற்பது பேரும் கண்ணில் படாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். அப்புறம் மில்லையும் மூட வேண்டியதுதான்.

வேலை செய்வதோ பதினொரு பேர். பதினொன்று என்று எழுதினால் அறிக்கை சோகையாகத் தெரியும் என்று நாற்பது போட்டவர் நாமக்கல் ஆடிட்டர். மீதி இருபத்தொன்பது பேரும் சங்கீதாவின் சொந்தக்காரப் பெண்கள். தலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டி நிறுத்தியிருந்தாள்.

அதைவிடப் பெரிய பயம் வேறு. நேற்றுத்தான் ஊரில் நோம்பி சாட்டியிருந்தார்கள்; கோயில் திருவிழாவைத் தண்டோரா போட்டு அறிவித்துவிட்டார்கள். சாட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை யாரும் தானியம் குத்துவதில்லை, அரைப்பதில்லை.

"நிக்கறதுக்குத் தடையில்ல கண்ணு. பொழுதுக்கும் நிக்கறோம்," என்று மூத்த வேலைக்காரி பாவாயி காலையிலேயே சொல்லியிருந்தாள். "சாமையில மட்டும் கை வெக்க மாட்டோம்."

"வெறும் மிஷினை ஓட்டறனுங்க அக்கா."

"ஓட்டு. ரப்பர் கருகுனா எங்கிட்ட வந்து அழுவாத."

உமி நீக்கும் இரண்டு ரப்பர் உருளைகள், நடுவில் தானியம் இல்லாமல் உரசினால் பத்து நிமிஷம்தான் தாங்கும். சங்கீதா சுவிட்சைப் போட்டாள்.

மாவட்ட அதிகாரி அர்த்தனாரிக்குத் தொண்டையைச் செருமவே பத்து நிமிஷம் வேண்டும். "மலைவாழ் மக்களின் வாழ்வில் இது புதிய விடியல்," என்று ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு விடியும் என்று மட்டும் சொல்லவில்லை.

"தூசியே இல்ல சார். வேர்ல்டு கிளாஸ்," என்றான் கம்பெனி ஆள் பிரேம், போனில் வீடியோ எடுத்தபடி.

"அதுதான் அரசின் நோக்கமே."

கருகல் வாடை எழுந்தது. அர்த்தனாரி மூக்கை உறிஞ்சி, "ஆகா, பாரம்பரியத் தானியத்தின் மணம்," என்றார்.

மூன்றாமவர் பேங்க் மேனேஜர் ஸ்டீபன். அவர் சமவெளியில் ரைஸ்மில் வைத்திருந்தவரின் மகன். மிஷினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சாமை போடுங்கம்மா," என்றார்.

நாற்பது தொப்பிகளில் ஒன்றும் அசையவில்லை. மூட்டை கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளே அள்ளிப் போடலாம். போட்டால் நாளை முதல் பாவாயி வர மாட்டாள், ஒருத்தியும் வர மாட்டாள். போடாவிட்டால் ஃபைல். அதற்குள் மிஷினிலிருந்து மெல்லிய புகை கிளம்பிற்று. அவள் கை தானாகப் போய் சுவிட்சை அணைத்தது.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார் அர்த்தனாரி. விடியல் பாதியில் நின்றிருந்தது.

"நான்தானுங்க." சங்கீதா மிஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். "நோம்பி சாட்டியிருக்குதுங்க சார். தானியம் அரைக்க மாட்டோம். ஆளும் நாப்பது இல்லீங்க. பதினொண்ணு. புது மிஷின் வந்தா இன்னும் ஒம்பது பேருக்கு வேலை குடுக்கலாமுங்க."

பிரேம் வீடியோவை நிறுத்தினான். அர்த்தனாரி ஸ்டீபனைப் பார்த்தார். பிரேமும் ஸ்டீபனைப் பார்த்தான். பழக்கம் விடுமா?

"நோம்பி என்னைக்கு முடியுது?" என்று கேட்டார் ஸ்டீபன்.

"செவ்வாய்க்கிழமைங்க."

"புதன்கிழமை நான் வர்றேன். சாமை போட்டு ஓட்டிக் காட்டுங்க. பதினொரு பேர் போதும். அதைப் பார்த்துட்டு எழுதறேன்." என்ன எழுதுவார் என்று அவர் சொல்லவில்லை. மற்ற இருவரும் தாங்களும் புதன்கிழமையே நினைத்திருந்ததாகச் சொன்னார்கள்.

கார்கள் இறங்கிப் போனதும் சங்கீதா மிஷினைத் திறந்தாள். ஒரு உருளை பாளம்பாளமாக வெடித்திருந்தது. சேலத்துக் கடைக்குப் போன் போட்டாள். நாளைக்குக் காலை பஸ்ஸில் புது உருளை அனுப்புவதாகச் சொன்னார்கள்; அளவு சரியாக இருக்குமா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம்.

"சேரலீன்னா என்னக்கா பண்றது?"

"அத நாளைக்குப் பயந்துக்கலாம்," என்று பாவாயி தொப்பியைக் கழற்றிவிட்டு ஸ்பேனரை எடுத்தாள். "உருளைய மாத்தறதுக்குச் சாட்டுல ஒண்ணும் சொல்லல. நட்டைக் கெட்டியாப் புடி சாமி."

சங்கீதா இரண்டு கையாலும் பிடித்தாள்.